தொட்டியிலிருந்தே வெட்டிய துண்டு

சீனக்குடாவின் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. தோப்பூரிலிருந்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் அந்தப் பகுதியைக் கடந்துதான் நகரத்துக்குள் நுழைகிறார்கள். பிரித்தானியக் கடற்படையின் எரிபொருளைச் சேமித்து வைக்க 1920களில் கட்டத் தொடங்கிய தொட்டிகள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். முதலில் 101 இருந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் தொட்டியொன்றின் மீதே விழுந்து எரிந்தது. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 14 தொட்டிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக வெறுமையாகக் கிடந்த தொட்டிகளில் மீண்டும் எண்ணெய் நிரப்புவதே நோக்கம்.

அப்படி ஒரு தொட்டியைச் செப்பனிட வரும் ஒப்பந்தக்காரரை நினைத்துக்கொள்வோம். அடிவரிசைத் தகட்டில் ஓரிடம் துருவேறி மெலிந்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். அவரிடம் ஒரு கோப்பு இருக்கிறது. வேறொரு ஊரில் புதிய தொட்டி கட்டியபோது இதே தடிப்புள்ள தகட்டை, இதே வகைக் குச்சியால் வெல்டிங் செய்து, ஆய்வுகூடத்தில் சோதித்து, முத்திரை வாங்கிய தாள்கள் அதில் உள்ளன. புதிதாகச் சோதனை செய்தால் பணமும் வாரக்கணக்கில் நாளும் போகும். பழைய தாளையே இந்த வேலைக்கும் காட்டலாமா?

பெரும்பாலான வேலைகளில் காட்டலாம். பழைய சோதனையைத் திரும்பப் பயன்படுத்துவது குறுக்குவழி அல்ல. விதிநூல்களே அதற்கு இடம் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சீனக்குடாத் தொட்டியின் சுவரில் காட்ட முடியாது. ஏன் முடியாது என்பதற்கான பதில் உருக்குக்குள் இருக்கிறது.

முதலில் அந்தத் தாள் என்னவென்று பார்ப்போம். வெல்டிங் வேலைத்தளங்களில் இரண்டு தாள்கள் புழங்கும். ஒன்று டபிள்யூ.பி.எஸ். எந்த உருக்கு, எந்தக் குச்சி, எத்தனை அம்பியர், எவ்வளவு முன்சூடு என்று வெல்டருக்குச் சொல்லும் செய்முறைக் குறிப்பு அது. மற்றது பி.கியூ.ஆர். அந்தச் செய்முறைப்படி உண்மையிலேயே ஒரு துண்டை வெல்டிங் செய்து, அதை இழுத்தும் வளைத்தும் பார்த்தபோது என்ன நடந்தது என்ற பதிவு. முதல் தாளை எத்தனை முறையும் திருத்தி எழுதலாம். இரண்டாவதில் ஓர் எண்ணைக்கூட மாற்றக்கூடாது, ஏனென்றால் அது நடந்து முடிந்த ஒன்றின் சாட்சியம்.

அந்தச் சோதனையைக் கிட்ட நின்று பார்த்தால் அதன் கடுமை புரியும். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தகடுகளின் ஓரங்களை 30 பாகை சரித்து அரைத்து, எதிரெதிரே வைத்தால் 60 பாகையில் ஒரு பள்ளம் கிடைக்கும். அடியில் மூன்று மில்லிமீற்றர் இடைவெளி. வெல்டர் அடிப்பாஸ் போட்டு, கசடு தட்டி, அரைத்து, மேலே பாஸ் பாஸாக நிரப்புகிறார். பக்கத்தில் ஒருவர் நின்று வோல்ற்று, அம்பியர், குச்சி நகரும் வேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். 24 வோல்ற்று, 120 அம்பியர், நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு மில்லிமீற்றர் தையலுக்குள்ளும் ஏறத்தாழ 1.15 கிலோயூல் வெப்பம் இறங்குகிறது. ஆறியபின் தையலுக்குக் குறுக்கே பட்டைகளாக அறுக்கிறார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் ஒன்பதாம் பிரிவு விதிகள் கேட்பது இரண்டு இழுவிசைச் சோதனை, நான்கு வளைப்புச் சோதனை. பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டையை 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையைச் சுற்றி U வடிவமாக மடக்குவார்கள். வெளிப்பக்கத்து உலோகம் அப்போது 20 சதவீதம் நீளும். அந்த நீட்சியில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் ஒரு வாய் பிளந்தாலே துண்டு தோல்வி. உள்ளே சிறைப்பட்டிருந்த கசடும், சரியாக உருகிச் சேராத ஓரமும், நொறுங்கும் தன்மை ஏறிய பட்டியும் அந்த மடிப்பில் ஒளிய முடியாது.

இப்படிக் கிடைத்த பி.கியூ.ஆருக்கு ஒன்பதாம் பிரிவில் காலாவதித் தேதி கிடையாது. முறையாகச் செய்து பதிந்ததென்றால் இருபது வருடத்துக்கு முந்தையதும் இன்று செல்லும். வெல்டரின் தகுதி அப்படியல்ல. ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமலிருந்தால் அந்த முறையில் அவருடைய தகுதி விழுந்துவிடும். கை மறக்கும், உலோகம் மறக்காது என்ற கணக்கு. மூதூர், தோப்பூர், கிண்ணியாப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போய், குழாய் வெல்டிங்கில் தேர்ந்து, உறைபோட்ட அட்டையோடு திரும்பி வரும் இளைஞர்கள் இதனால் குழம்புவதுண்டு. அந்த அட்டை அவர் கைத்திறனுக்குச் சான்று, அதுவும் அந்தக் கம்பெனியின் பொறுப்பில் எடுத்த சான்று. செய்முறையின் தகுதியோ கம்பெனியின் கோப்பில் இருக்கிறது. அதையும் பொதுவாக இன்னொரு கம்பெனி இரவல் வாங்கித் தன்னுடையதாகக் காட்ட முடியாது. சோதனையைத் தன் மேற்பார்வையில் நடத்தியவர்தான் அதற்குப் பொறுப்பேற்க முடியும். நியாயமான விதி என்றே நினைக்கிறேன். சோதனைத் துண்டு ஒருமுறை மடிக்கும்போது பிளந்து, எதை மாற்றினால் பிளக்காது என்று தேடிக் கண்டுபிடித்த அறிவு தாளோடு கைமாறுவதில்லை.

பழைய தாளை எடுத்துக்கொண்டு புதிய வேலைக்கு வருகிறோம். எதெல்லாம் மாறியிருக்கிறது? விதிநூல் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. மறுசோதனை கட்டாயமானவை, துண்டை அடித்து உடைத்துப் பார்க்கும் தாக்குச் சோதனை தேவைப்படும் வேலைகளில் மட்டும் மறுசோதனை கேட்பவை, டபிள்யூ.பி.எஸ்.ஸைத் திருத்தி எழுதினாலே போதுமானவை. பள்ளத்தின் கோணம் மாறினால் மூன்றாம் வகை. தகட்டில் சோதித்ததைக் குழாயில் பயன்படுத்துவதும் செல்லும். முன்சூட்டை 55 செல்சியஸ் பாகைக்கு மேல் குறைத்தால் முதல் வகை. வெல்டிங்குக்குப் பிந்திய வெப்பப் பதமாக்கலைச் சேர்த்தாலோ விட்டாலோ அதுவும் முதல் வகை. பட்டியலாகப் படித்தால் அரசாங்கச் சுற்றுநிருபம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உலோகம் ஆறும் விதம் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது.

தடிப்பை எடுத்துக்கொள்வோம். 12 மில்லிமீற்றரில் செய்த சோதனை 5 முதல் 24 மில்லிமீற்றர் வரை செல்லும் என்கிறது விதி. ஏன் இரு மடங்கோடு நிற்கிறது? மெல்லிய தகட்டில் போட்ட சூடு வாய்க்கால் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் மட்டுமே ஓட முடியும். தடித்த தகட்டில் கீழ்நோக்கியும் ஓட இடம் உண்டு. ஆகவே அதே அம்பியரில், அதே வேகத்தில் போட்ட தையல் தடித்த தகட்டில் வெகு விரைவாக ஆறிவிடும். உருக்கின் விதி பெருமளவு தீர்மானமாவது 800 பாகையிலிருந்து 500 பாகைக்கு இறங்கும் அந்தச் சில விநாடிகளில்தான். மெதுவாக இறங்கினால் காபன் அணுக்கள் நகர்ந்து ஒதுங்க நேரம் கிடைக்கும். மென்மையான, நீளக்கூடிய கட்டமைப்பு உருவாகும். சட்டென்று இறங்கினால் காபன் இருந்த இடத்திலேயே சிறைப்பட்டு, மார்ட்டென்சைட் என்ற ஊசிகளடர்ந்த கடினக் கட்டமைப்பு தையலோரத்தில் உறைந்துவிடும். அது கடினமானது, ஆனால் வளையாது. அந்த நேரத்தில் குச்சியின் ஈரத்திலிருந்து வந்த ஐதரசனும் அங்கே தங்கியிருந்தால், வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபின் விரிசல் மெல்லக் கிளம்பும். அதனால்தான் கடினமாகக்கூடிய உருக்குகளில் 48 மணிநேரம் கழித்தே இறுதிப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

இங்கே விதிநூலில் ஒரு இடைவெளி இருக்கிறது. குச்சி எவ்வளவு உலர்ந்திருந்தது என்பது செய்முறைத் தகுதிக்கான மாறிகளில் வராது. உலர்ந்த பட்டறையில், சூடான அடுப்பிலிருந்து எடுத்த, ஐதரசன் குறைந்த 7018 வகைக் குச்சியால் செய்த சோதனை தேறியிருக்கும். அதே செய்முறையை வாடைக்காற்றும் மழையும் அடிக்கும் நவம்பரில், கடலோரத்தில், பெட்டி திறந்து அரைநாள் கிடந்த குச்சியால் செய்தால் தாளின்படி ஒன்றும் மாறவில்லை. உலோகத்தின்படி எல்லாம் மாறிவிட்டது. இந்தக் குச்சிகளை 120 பாகைக்குக் குறையாத அடுப்பில் வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் நாலு மணிநேரத்துக்குள் எரித்து முடிக்க வேண்டும் என்பது வேறு விதிநூலின் கட்டளை. ஒரு நல்ல மேற்பார்வையாளர் இரண்டு நூல்களையும் சேர்த்துத்தான் படிப்பார்.

உருக்கு வகையிலும் இதே சிக்கல்தான். ஆயிரக்கணக்கான உருக்குகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாதென்பதால் அவற்றைப் பி எண் என்ற தொகுதிகளாக அடுக்கியிருக்கிறார்கள். சாதாரணக் காபன் உருக்குகள் எல்லாம் பி எண் 1. பெரும்பாலான துருப்பிடியா உருக்குகள் பி எண் 8. தாக்குச் சோதனை கேட்காத வேலையில், பி எண் 1க்குள் ஒன்றில் தேறினால் இன்னொன்றிலும் செல்லும். வசதியான ஏற்பாடு. ஆனால் அந்தத் தொகுதி மிக அகலமானது. 0.14 சதவீதக் காபனும் 0.8 சதவீத மங்கனீசும் உள்ள தகட்டை எடுங்கள். மங்கனீசை ஆறால் வகுத்துக் காபனோடு கூட்டினால் கிடைக்கும் காபன் சமானம் 0.27. எந்த முன்சூடும் இல்லாமல் தாராளமாக வெல்டிங் செய்யலாம். இன்னொரு தகட்டில் 0.26 காபன், 1.1 மங்கனீசு என்றால் சமானம் 0.44. கொஞ்சம் தடிப்பேறினாலே முன்சூடு கேட்கும் உருக்கு அது. இரண்டும் ஒரே தொகுதியில் இருக்கலாம். முதலாவதில் எடுத்த பி.கியூ.ஆர். இரண்டாவதற்கும் சட்டப்படி செல்லும். செல்லும் என்பதற்காக முன்சூட்டை மறந்துவிடுவது பெரிய தவறு.

பழைய சான்றை நீட்டிக்கொண்டே போனதால் வந்த வினைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் சாட்சி. 1994 ஜனவரி 17 அதிகாலையில் வந்த நோர்த்ரிஜ் நிலநடுக்கத்தின் அளவு 6.7. அங்கே உருக்குச் சட்டக் கட்டிடங்களில் தூணையும் விட்டத்தையும் இணைக்கும் வெல்டிங் மூட்டு ஒரே பாணியிலானது. விதிநூலே அந்த வடிவத்தை ஏற்றிருந்ததால் கட்டிடத்துக்குக் கட்டிடம் சோதிக்க வேண்டியதில்லை என்று இருந்தது. நிலநடுக்கத்தில் உருக்குக் கட்டிடம் எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் பின்னர் பூச்சையும் தீக்காப்பையும் உரித்துப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் மூட்டுகள் விரிசல் கண்டிருந்தன. அந்த வடிவத்துக்கு நம்பிக்கை தந்த பெர்க்கிலிப் பல்கலைக்கழகச் சோதனைகள் 1970 வாக்கில் 18 அங்குலம், 24 அங்குல உயரமுள்ள விட்டங்களில் செய்யப்பட்டவை. கட்டிடங்களில் இருந்தவை 36 அங்குலம் வரை போயிருந்தன. இடையில் வெல்டிங் கம்பியும் மாறி, வேகமாக நிரப்பும், ஆனால் தாக்குவலு குறைந்த வகை வழக்கமாகியிருந்தது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே சிறியது. எல்லாம் சேர்ந்தபின் பழைய சோதனைக்கும் புதிய மூட்டுக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே மிஞ்சியிருந்தது.

இதைவிடச் சீனக்குடாவுக்கு நெருக்கமான கதை பென்சில்வேனியாவில் நடந்தது. ஆஷ்லண்ட் எண்ணெய்க் கம்பெனி, ஒஹாயோவில் நாற்பது வருடம் இருந்த ஒரு தொட்டியைக் கழற்றி, பிட்ஸ்பர்க் நகரருகே ஃப்ளோரெஃப் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் வெல்டிங் செய்து நிறுத்தியது. 120 அடி விட்டம், 48 அடி உயரம். முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை செய்யப்படவில்லை. 1988 ஜனவரி 2ஆம் தேதி, குளிர்கால மாலையில், முதன்முறையாக அதன் விளிம்பை நெருங்கும் அளவுக்கு டீசல் ஏறியது. தொட்டி மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. வெளியேறிய டீசலில் ஏறத்தாழ 28 இலட்சம் லீற்றர் மொனொங்கஹீலா ஆற்றில் கலந்தது. ஆற்றுநீரை நம்பியிருந்த ஊர்களில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஆராய்ந்தவர்கள் கிழிசலின் பிறப்பிடத்தைத் தேடிப் போனபோது ஒரு சிறு நாணயமளவு குறையைக் கண்டார்கள். தீச்சுடர் கொண்டு வெட்டியபோது உண்டான பழைய வடு அது. தொட்டி இடம் மாறுவதற்கு முன்பே தகட்டில் இருந்தது. மறுபடி பொருத்தும்போது அதன் அருகே ஓடிய வெல்டிங்கின் சூடும் இழுவிசையும் அந்த இடத்து உருக்கை இன்னும் நொறுங்கும்படி ஆக்கியிருந்தன. அந்தக் கால உருக்கே இன்றைய தாக்குவலு அளவுகளை எட்டாதது. குளிரில் அது கண்ணாடிபோல உடையும் நிலையில் இருந்தது. வெல்டிங் தையல் வலுவாக இருந்ததா என்பதல்ல அங்கே கேள்வி. தையலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய உலோகம் அந்தச் சூட்டை எப்படித் தாங்கியது என்பதுதான். புதிய உருக்கில் எடுத்த எந்தச் சான்றும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

தொட்டிகளைப் பரிசோதித்துச் செப்பனிடுவதற்கென்றே அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் 653ஆம் விதிநூல் 1991இல் வந்தது. அதில் ஒரு வரி நம் ஒப்பந்தக்காரரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பழைய தொட்டியின் உருக்கு எந்தத் தரம் என்று தெரியாவிட்டாலோ, அந்தத் தரம் வழக்கொழிந்து போயிருந்தாலோ, செய்முறைத் தகுதிக்கான சோதனைத் துண்டை வேலையில் வரும் அதே தகட்டிலிருந்தே எடுக்க வேண்டும். வலுக் கணக்குக்கு, தெரியாத உருக்கை 207 மெகாபாஸ்கல் நெகிழ்வெல்லையும் 380 மெகாபாஸ்கல் இழுவலுவும் உள்ளதாகத் தாழ்த்தி எடுத்துக்கொள்ள அந்நூல் விடுகிறது. வெல்டிங் தன்மைக்கு அப்படி ஊகித்துக்கொள்ள விடவில்லை. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வலுவைத் தாழ்த்தி ஊகித்தால் தவறு பாதுகாப்பான பக்கம் விழும். கந்தகத்தை ஊகித்தால் எந்தப் பக்கம் விழுமென்று யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் 1920களின் உருக்கு வெல்டிங்குக்காக உருக்கப்பட்டதல்ல. அந்தக் காலத்து எண்ணெய்த் தொட்டிகளில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடிப்பதே வழக்கம். முழுக்க வெல்டிங்கில் கட்டிய தொட்டிகளுக்கான அமெரிக்க விதிநூல் 1936இல்தான் முதலில் வந்தது. ரிவெட் தகட்டுக்கு வலுவும் வளைதலும் போதும். கந்தகமும் பொசுபரசும் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஆணி அடிக்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. வெல்டிங்கில் தெரியும். உருகிய குட்டை உறையும்போது கந்தகம் இரும்போடு சேர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக உறையும் மெல்லிய படலமாக நடுக்கோட்டில் ஒதுங்கும். சுருங்கும் உலோகம் இழுக்கும்போது தையல் நடுவே நீளமாகப் பிளக்கும். நைதரசன் கூடிய உருக்கு, இழுபட்டுச் சூடேறிய இடத்தில் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொள்ளும். வார்ப்புக் கட்டியிலிருந்து உருட்டிய அக்காலத் தகடுகளில் நடுத்தடிப்பில் ஒதுங்கிய அழுக்குகள் தாள் தாளாகப் பரவியிருப்பதும் உண்டு. ஒரே தகட்டின் விளிம்பும் நடுவும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளலாம்.

திருகோணமலையில் பென்சில்வேனியாவின் குளிர் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். உண்மை, அது பெரிய அனுகூலம். இருந்தாலும் பழைய உருக்குகள் சிலவற்றில் நெகிழ்ச்சி போய் நொறுங்கல் வரும் எல்லை சாதாரண அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அந்த எல்லை எங்கே என்பதைத் தாக்குச் சோதனைதான் காட்டும். கம்பெனியிடம் ஏற்கெனவே தேறிய செய்முறை இருந்து, அதில் தாக்குச் சோதனை மட்டும் விடுபட்டிருந்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யத் தேவையில்லை; அதே மாறிகளோடு ஒரு கூடுதல் துண்டு வெல்டிங் செய்து, V வெட்டுப் பட்டைகளை உடைத்துப் பார்த்துப் பழைய பதிவோடு சேர்க்க ஒன்பதாம் பிரிவு அனுமதிக்கிறது. சிக்கனமும் கண்டிப்பும் சேர்ந்து நடக்கும் இடம் அது. ஆனால் அந்தக் கூடுதல் துண்டும் பழைய தகட்டிலிருந்து வந்தால்தான் இங்கே பயன்.

ஒரு தொட்டியில் தேறியது அடுத்த தொட்டிக்குச் செல்லுமா? நான் மேற்பார்வையாளராக இருந்தால் வேதியியல் பகுப்பாய்வு இல்லாமல் சம்மதிக்கமாட்டேன். வருடக்கணக்கில் நடந்த கட்டுமானத்தில் எல்லாத் தகடுகளும் ஒரே உலையிலிருந்து, ஒரே உருக்கலிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. இடத்துக்கு எடுத்துச்செல்லக்கூடிய தீப்பொறி நிறமாலைமானியால் தகட்டை அரைத்த இடத்தில் சுட்டுப் பார்த்தால் காபன், மங்கனீசு, கந்தகம், பொசுபரசு அளவுகள் சில நிமிடத்தில் கிடைக்கும். அளவுகள் ஒத்துவரும் தொட்டிகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு சோதனை என்று பொறியாளர் வாதிடலாம்; அந்த வாதம் அளந்த எண்களின் மேல் நிற்கும்.

இதற்கான சோதனைத் தகடு எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியதில்லை. செப்பனிட வெட்டியெடுக்கும் பகுதியே அது. துருவால் மெலிந்த பாகம் போக, சுற்றிலும் தடிப்புக் குறையாத ஓரம் பெரும்பாலும் மிஞ்சும். பிரச்சினை என்னவென்றால், வழக்கமாக அந்தத் தகடு வெட்டிய அன்றே கேஸ் கட்டரால் துண்டாகி, பழைய இரும்பு லொறியில் ஏறிவிடும். ஏறவிடக்கூடாது. வெட்டுவதற்கு முன்பே தகட்டின் மேல் தொட்டி எண், கீழிருந்து எத்தனையாவது வரிசை, உருட்டிய திசைக்கு ஓர் அம்பு ஆகியவற்றைக் குத்தெழுத்தால் பதித்துவிட வேண்டும். கேஸ் கட்டரின் சூடு தின்ற விளிம்பை அரைத்து நீக்கியபின் குறைந்தது ஒரு முழம் நீளத்துக்கு நல்ல தகடு மிஞ்சும்படி வெட்டுக்கோட்டை முதலிலேயே தள்ளிப் போட வேண்டும். அந்தத் துண்டின் ஒரு பக்கத்தில் பழைய தகடும் மறுபக்கத்தில் புதிதாக வைக்கப்போகும் தகடும் இருக்கும்படி வெல்டிங் செய்து, வளைத்து, உடைத்துப் பார்த்தபின்னரே தொட்டியின் சுவரில் முதல் குச்சியைப் பற்றவைக்கலாம்.